'பழகிவிடும்' என்ற சொல்லுக்கு எதிராக

லாரித் தொழிலில் ஆக மலிவான உதிரிப்பாகம் ஒன்று உண்டு. அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை, பட்டறையில் பொருத்த வேண்டியதில்லை, தேய்ந்தும் போகாது. 'பழகிவிடும்' என்பது அதன் பெயர். இருக்கை உயரமாக இருக்கிறது, கிளட்ச் மிதியை முழுக்க அழுத்தக் கால் எட்டவில்லை என்று ஓட்டுநர் சொன்னால், பழகிவிடும். கியர் ராடைத் தள்ளும்போதெல்லாம் தோள்பட்டை இழுக்கிறது என்றால், பழகிவிடும். தொடை மரத்துப்போகிறது, இறங்கினால் கால் ஊன்ற முடியவில்லை என்றால், அதுவும் பழகிவிடும். சுதந்திர இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லின்மீது ஏற்றித்தான் ஓட்டப்பட்டிருக்கிறது. அச்சொல் பொய் என்பதும், சொல்பவர்களில் பலர் அது பொய் என்று தெரிந்தே சொல்கிறார்கள் என்பதும் எங்கள் கட்சி.

கவிதையும் சிறுகதையும் பேசும் இடத்தில் லாரி இருக்கையின் உயரத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நமது சிற்றிதழ் உலகம் லாரியை அறியாத உலகம் அன்று. லாரியின் முதுகில் எழுதப்படும் வாசகங்களைத் தொகுத்து ரசித்தவர்கள் இங்கே உண்டு. அவற்றில் நாட்டார் அறிவையும் நகைச்சுவையையும் கண்டு கட்டுரை எழுதியவர்களும் உண்டு. இரவு நேரத்து நெடுஞ்சாலையும் சாலையோரத் தேநீர்க் கடையும் கதைகளில் போதுமான அளவு வந்துவிட்டன. லாரியின் பின்புறம் இவ்வளவு வாசிக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்புறத்தில், கதவைத் திறந்தால் தெரியும் அந்த ஒன்றரை அடிப் பலகை வாசிக்கப்படவில்லை. ஒரு மனிதன் தன் ஆயுளில் மனைவி மக்களோடு இருந்ததைவிட அதிக நேரம் அமர்ந்திருந்த இடம் அது. உழைக்கும் உடலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் எழுத்து, அந்த உடல் எதன்மேல் அமர்ந்து உழைக்கிறது என்பதைக் கேட்டே ஆக வேண்டும்.

*

முதலில் அந்த இருக்கை எவ்வாறு அங்கே வந்தது என்பதைப் பார்ப்போம்.

நம் ஊர் லாரிகளின் முன்னோர்கள் இரண்டு. ஒன்று, எண்ணூரில் தொழிற்சாலை கொண்ட அசோக் லேலண்ட். அதன் தொடக்ககால வண்டிகளின் வடிவமைப்பு இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்திடமிருந்து வந்தது. மற்றொன்று டாடா, 1954-இல் தொடங்கி 1969 வரை ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கொண்ட உடன்படிக்கையின்கீழ் அது லாரிகளைத் தயாரித்தது. மிதிகள் எங்கே இருக்க வேண்டும், ஸ்டியரிங் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், கியர் ராடு எங்கிருந்து முளைக்க வேண்டும் என்பனவெல்லாம் அந்த அயல்நாட்டு வரைபடங்களோடு இங்கே வந்து இறங்கின. அவற்றை வரைந்தவர்களின் மனத்தில் இருந்த உடல் எந்த நாட்டு உடல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த வரைபடங்களோடு இருக்கை வரவில்லை. நெடுங்காலமாக நம் நாட்டில் லாரி என்பது பெரும்பாலும் சேஸிஸாக, அதாவது சட்டமும் இன்ஜினும் சக்கரங்களும் முகப்புமாக, மொட்டையாகவே விற்கப்பட்டது. அதை வாங்கியவர் நாமக்கல்லுக்கோ சங்ககிரிக்கோ திருச்செங்கோட்டுக்கோ கொண்டுவந்து, பாடி கட்டும் பட்டறையில் விடுவார். மரச்சட்டம் எழுப்பி, தகடு அடித்து, கேபின் கட்டி, உள்ளே ஓட்டுநருக்கு ஒரு பலகை போட்டு, அதன்மேல் நாரோ பஞ்சோ ஃபோமோ வைத்து ரெக்ஸின் தைத்துக் கொடுப்பார்கள். மிதியின் இடத்தை ஒரு நாட்டுப் பொறியாளர் தீர்மானித்தார். அதை மிதிப்பவனின் இருக்கையை வேறொரு நாட்டுத் தச்சர் தீர்மானித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். நடுவில் அமர வேண்டியவன் இருவருக்குமே தெரியாதவன்.

இதைப் பட்டறைக்காரர்களைக் குறைசொல்லச் சொல்லவில்லை. பாடி கட்டும் தச்சரின் கைத்திறனில் எங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. ஓட்டுநர் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு விரக்கடை இறக்குங்கண்ணா" என்று சொன்னால் அவர் இறக்கிக் கொடுப்பார். ஓட்டுநரே லாரிக்குச் சொந்தக்காரராகவும் இருந்தால் அவ்வாறு நிற்பார், சொல்வார். சம்பளத்துக்கு ஓட்டுகிறவர் பட்டறைக்குப் போவதில்லை. பல நேரங்களில் கேபின் கட்டப்படும்போது அவர் வேலைக்கே அமர்த்தப்பட்டிருக்க மாட்டார். பெயிண்டின் நிறம், நெற்றிப் பலகையில் எழுத வேண்டிய குலதெய்வத்தின் பெயர், பக்கவாட்டுப் பூவேலை ஆகிய அனைத்துக்கும் முதலாளியின் விருப்பம் கேட்கப்படும். இருக்கைக்கு மட்டும் விருப்பம் கேட்க ஆள் இல்லை. வண்டி முடிந்து சாவி கைக்கு வரும்போது ஓட்டுநர் செய்யக்கூடியது ஒன்றே: துண்டை நான்காக மடித்து அடியில் போட்டுக்கொள்வது.

அந்த மடித்த துண்டைப் பற்றி யாரேனும் எழுதியிருக்கிறார்களா? ஒரு தொழிலாளி தன் உடலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள பிழையைத் தன் சொந்தத் துணியைக் கொண்டு திருத்திக்கொள்கிறான். இந்தத் தொழிலின் வடிவமைப்பைப் பற்றி அவன் தந்த விமர்சனம் அது. படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கவில்லை.

*

இனி உடலுக்கு வருவோம்.

இருக்கையின் உயரம் என்பது சொகுசைப் பற்றிய பேச்சன்று. இருக்கை மிக உயரமாக இருந்தால் அதன் முன்விளிம்பு தொடையின் அடிப்பாகத்தை அழுத்தும். ரத்த ஓட்டம் குறைந்து கால் மரக்கும். மிதியை எட்டுவதற்காக ஓட்டுநர் முன்னால் நழுவி விளிம்பில் அமர்வார். முதுகுக்குச் சாய்மானம் போய்விடும். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் முழங்கால்கள் மேலெழும். முதுகெலும்பு கூன் போடும். உடலின் எடை முழுவதும் உட்காரும் எலும்புகள்மேல் இறங்கும். கிளட்சை அழுத்துவதற்கு ஒவ்வொரு முறையும் இடுப்பிலிருந்தே காலைத் தூக்க வேண்டியிருக்கும். சரியான உயரம் என்பது ஓட்டுநரின் பாதத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரையுள்ள அளவைப் பொறுத்தது. அது ஆளுக்கு ஆள் மாறும்.

கியர் ராடின் கதையும் இதுவே. ராடு நீளமாக இருந்தால் நெம்புகோல் விதிப்படி குறைந்த பலம் போதும். ஆனால் கை அதிக தூரம் போய்வர வேண்டும். குட்டையாக இருந்தால் தூரம் குறையும். பலம் அதிகம் வேண்டும். கை நீளமானவர் ஒன்றை விரும்புவார், தோளில் வலிமை உள்ளவர் மற்றொன்றை விரும்புவார். கேபின் இன்ஜினுக்கு மேலேயே அமையும் வண்டிகளில் கியர்பெட்டி ஓட்டுநரின் கைக்கடியில் இருப்பதில்லை. கையசைவு கம்பிகளும் மூட்டுகளும் வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும். மூட்டுகள் தேயத் தேய ராடில் ஆட்டம் வந்துவிடும். மூன்றாவது எங்கே இருக்கிறது, ஐந்தாவது எங்கே இருக்கிறது என்பதைக் கை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டியவர் கண்டுபிடித்துவிடுவார். நேற்று வந்தவர் தடுமாறுவார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே கியர் இடக்கைக்கு உரியது. கிளட்ச் இடக்காலுக்கு உரியது. மனிதர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள். ஆக, உடலில் வலிமை குறைந்த பாதியின்மேல்தான் கியர் மாற்றும் வேலை முழுவதும் விழுகிறது. பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்திசைத்துக்கொள்ளும் அமைப்பு இல்லாத பழைய கியர்பெட்டிகளில், ஒரு முறை கியரை மாற்ற இரண்டு முறை கிளட்சை மிதிக்க வேண்டியிருந்தது. காற்றழுத்த உதவி இல்லாத கிளட்சாக இருந்தால் ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைக் காலால் தள்ளுவதற்கு ஒப்பானது. இத்தனைக்கும் நடுவே மிச்சமுள்ள வலக்கை ஒன்றே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரிடம் வலி எங்கே என்று கேளுங்கள். அவர் தொட்டுக் காட்டும் தோளும் முழங்காலும் எந்தப் பக்கத்தவை என்று பாருங்கள்.

இவற்றோடு அதிர்வையும் சேர்க்க வேண்டும். தகட்டு வில்லின்மேல் நிற்கும் சட்டம், அதன்மேல் மரக் கேபின், அதன்மேல் பலகை. சாலையின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்கு நேராக வந்து சேரும். அதிர்வையும் அளக்கலாம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டு நெடுநாளாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ஆம் ஆண்டின் ஆணையொன்றில், எட்டு மணி நேர வேலைக்கு உடல் முழுவதும் தாங்கும் அதிர்வு விநாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது என்று எழுதி வைத்தது. ஓட்டுநரின் முதுகைப் பற்றி எண்ணால் பேச முடியும் என்பதற்கு இது சான்று. நாம் இன்னும் சொல்லால்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஒரே சொல்லால்.

*

'பழகிவிடும்' என்பவர்களின் மனத்தில் ஓர் உருவம் இருக்கிறது. அதைச் சராசரி மனிதன் என்பார்கள். இருக்கையைச் சராசரி உயரத்தில் வைத்துவிட்டால் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய பொருந்திவிடும், பொருந்தாதவர்கள் பழகிக்கொள்வார்கள் என்பது இவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க விமானப்படையின் விமானங்களில் ஓட்டியின் அறை சராசரி அளவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டிருந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துக்கொண்டு, உயரம், மார்பளவு, கைநீளம் முதலான பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். விடை பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. 1952-இல் வெளிவந்த அவரது அறிக்கை சொன்னது இதுதான்: சராசரி மனிதனுக்காகச் செய்யப்படுவது யாருக்கும் பொருந்தாது. அந்த விமானப்படை தன் விமானிகளைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஏற்றவும் இறக்கவும் நகர்த்தவும் கூடிய இருக்கைகளையும் மிதிகளையும் கேட்டு வாங்கியது. விமானியின் உயிர் விலை உயர்ந்தது என்று அது கருதியதே காரணம்.

நம்மிடம் அளவுகள் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகம், தேப்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடலளவுகள் நூலை 1997-இலேயே வெளியிட்டது. இந்திய ஆணும் பெண்ணும் நிற்கையில் எவ்வளவு, அமர்கையில் எவ்வளவு, கை எட்டும் தூரம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் அட்டவணைகளாக இருக்கின்றன. ஓட்டுநர் அமரும் கேபினுக்கும் லாரியின் பாடிக்கும் ஏஐஎஸ்-093 என்ற தரவிதித் தொகுப்பும் நம் நாட்டில் உண்டு. அறிவு இருக்கிறது, காகிதமும் இருக்கிறது. சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரி ஒன்றின் கதவைத் திறந்து பாருங்கள். பலகையும் துண்டும்தான் இருக்கும்.

*

எதிர்த்தரப்பின் வாதங்களை ஒளித்துவைக்க நாங்கள் விரும்பவில்லை.

முதல் வாதம் முதலாளிகளுடையது. கொங்கு நாட்டு லாரி முதலாளிகளில் பலர் கிளீனராகவும் ஓட்டுநராகவும் இருந்து உழைத்து முன்னேறியவர்கள். அந்த உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் சொல்வது இது: "நாங்க ஓட்டலையாப்பா? நாலு நடை போனா எல்லாம் பழகிப்போயிரும்." இதில் உள்ள பிழை எளியது. பழகியவர்கள் நம்முன் நிற்கிறார்கள், பழகாதவர்கள் நிற்கவில்லை. முதுகு போய் முப்பத்தைந்து வயதில் ஊருக்குத் திரும்பியவர் சங்கக் கூட்டத்துக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. கரையேறியவரை மட்டும் எண்ணிவிட்டு, ஆற்றில் ஆழமில்லை என்று முடிவு கட்டுவது நியாயமன்று. முன்னேறியவரிடம் தனியே கேட்டால், மழைக்காலத்தில் இடுப்பு என்ன செய்கிறது என்பதை அவரும் சொல்வார்.

இரண்டாவது வாதம் நிர்வாகிகளுடையது. 'ஓட்டுநர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர் உயரமான இருக்கை வேண்டும் என்கிறார், அப்போதுதான் சாலை தெரிகிறது என்கிறார். மற்றவர் தாழ்வாக வேண்டும் என்கிறார். ஒருவருக்கு நீண்ட ராடு, மற்றவருக்குக் குட்டை ராடு. யார் பேச்சைக் கேட்பது?' இதை வாதம் என்று முன்வைப்பதே வேடிக்கை. செருப்புக் கடைக்காரர், வருகிறவர்கள் ஆளுக்கொரு அளவு கேட்கிறார்கள், ஆகவே ஒரே அளவுதான் விற்பேன் என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்? ஓட்டுநர்களின் விருப்பங்கள் வேறுபடுவதற்குக் காரணம் அவர்கள் உடல்கள் வேறுபடுவதே. அவை அடம் அல்ல. சொந்த உடலைப் பற்றி உள்ளிருந்து பெற்ற அறிவு. நெடுந்தூரம் செல்லும் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவதும் உண்டு. ஒருவர் ஐந்தடி நான்கு அங்குலம், மற்றவர் ஐந்தடி பத்து அங்குலம் என்றால் அசையாத பலகை இருவரில் ஒருவரையாவது தினமும் வதைக்கும். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பெண்களை அது வாசலிலேயே நிறுத்திவிடும். ஒருமித்த கருத்து இல்லை என்பதாலேயே ஏற்றி இறக்கக்கூடிய இருக்கை தேவைப்படுகிறது.

மூன்றாவது வாதம் முன்னேற்றவாதிகளுடையது. 'தொழில்நுட்பம் வந்துகொண்டிருக்கிறது. புதிய லாரிகளில் கிளட்ச் மிதியே இல்லாமல் கியர் தானாக மாறும் அமைப்பு வந்துவிட்டது. கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகிவிட்டது. இன்னும் ஏன் புலம்பல்?' வந்திருப்பதை நாங்கள் மறுக்கவில்லை, வரவேற்கிறோம். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. 2025-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்ஜினின் அனலில் ஓட்டுநர் வேகிறார் என்பதை ஒப்புக்கொள்ளச் சுதந்திரத்துக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்த விதியும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஓடுகிற லாரி பதினைந்து இருபது ஆண்டுகள் கைமாறிக் கைமாறி ஓடும். புதியதை ஓட்டுகிறவர் பெரிய நிறுவனத்தின் ஓட்டுநர். கைமாறிய பழையதை ஓட்டுகிறவர்தான் பழகிக்கொள்ளும்படி சொல்லப்படுகிறவர். பத்தாண்டு கழித்து வரப்போகும் நல்ல இருக்கையைக் காட்டி இன்று இரவு ஓட்டப்போகிறவரின் முதுகுவலியைத் தள்ளிவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

*

இந்தப் பொய்யின் விலையை ஓட்டுநர் மட்டும் கொடுப்பதில்லை.

தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாயை அறியாத லாரிக்காரர் இல்லை. பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே சரிந்து இறங்குகிறது. ஆண்டுதோறும் விபத்துகள், செய்திகள். செய்தியின் மொழியைக் கவனியுங்கள். 'கட்டுப்பாட்டை இழந்த லாரி' என்று தொடங்கும். 'ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்' என்று முடியும். முதல் வாக்கியத்தில் எழுவாய் லாரி. கடைசி வாக்கியத்தில் குற்றவாளி மனிதன். நடுவில் லாரிக்கும் மனிதனுக்கும் இடையே என்ன நடந்தது என்பதற்கு வாக்கியமே இல்லை.

சரிவில் பாரவண்டியைக் காப்பது பிரேக் மட்டுமன்று, கியரும்தான். தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். உயர்ந்த கியரில் இறங்கினால் பாரம் முழுவதையும் பிரேக் தாங்க வேண்டும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பாதிச் சரிவில் கியரை இறக்க முயன்று அது விழாமற்போனால் வண்டி நியூட்ரலில் நின்றுவிடும். பிறகு பாரம் இழுத்த இழுப்புக்கு ஓடும். டீசலை மிச்சம் பிடிக்க ஓட்டுநர்கள் நியூட்ரலில் இறக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. அது நடப்பதும் உண்டு. டீசல் கணக்கை ஓட்டுநரின் தலையில் கட்டியது யார் என்பது தனியே எழுத வேண்டிய கட்டுரை. இங்கே நாங்கள் கேட்பது ஒன்று. பத்து மணி நேரம் ஓட்டி மரத்துப்போன இடக்கால், ஆட்டம் கண்ட ராடு, விளிம்பில் நழுவி அமர்ந்த உடல்: இவற்றோடு சரிவின் தலையில் நிற்கும் ஒருவர் கியரை இறக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் பெயர் கவனக்குறைவா? விபத்துக்குப் பிறகு டயரை அளக்கிறார்கள், பிரேக் தடத்தை நாடா வைத்து அளக்கிறார்கள். இருக்கையை அளந்ததாக எந்தச் செய்தியிலும் நாங்கள் படித்ததில்லை.

தெருவில் நடப்பவரின் உயிரும் இதில் இருக்கிறது. கேபினும் இருக்கையும் உயர உயரத் தொலைவு நன்றாகத் தெரியும். ஆனால் பம்பரின் அருகே நிற்பவர் மறைந்துபோவார். லண்டன் மாநகரம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை அளந்து, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கியது. 2021 மார்ச் முதல் உரிய தகுதி இல்லாத லாரிகளுக்குத் தண்டம் விதித்தது; 2024 அக்டோபரில் அளவுகோலை மூன்று நட்சத்திரமாக உயர்த்தி, அதை எட்டாத வண்டிகள் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தியாக வேண்டும் என்றது. இருக்கையிலிருந்து தெரியும் காட்சி அங்கே மிதிவண்டிக்காரரின், பாதசாரியின் உரிமையாக ஆகிவிட்டது. இங்கே அது முதலாளியின் பட்டறைச் செலவாகவே நிற்கிறது.

சட்டம் ஓட்டுநரை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023-இல் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) உட்பிரிவு, விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரித் தொடக்கத்தில் வடநாட்டில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். அவ்வாண்டு ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவரை விட்டு ஓடுவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஓட்டுநருக்கு எத்தனை ஆண்டு என்பதைத் துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த அரசுக்கு, அவர் இருக்கைக்கு எத்தனை அங்குலம் என்பதைக் கணக்கிட ஏன் தெரியவில்லை? 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஐந்து தொழிலாளர்களேனும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தும் என்றும் எழுதிக்கொண்டது. ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்த ஓட்டுநர் அந்த வாசலுக்கு வெளியேதான் நின்றார். அவருக்கு வேலை நேரத்தைச் சொன்னதும் அந்தப் பழைய சொல்தான்.

*

கண்டனம் செய்வது எளிது, வழி சொல்லுங்கள் என்பார்கள். சொல்கிறோம். எங்கள் கோரிக்கைகளில் புரட்சி எதுவும் இல்லை.

லாரிகள் எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். எஃப்.சி. என்று தொழிலில் சொல்லப்படும் அந்தச் சோதனையில் விளக்கையும் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறார்கள். அதே நாளில், அதே இடத்தில் ஓட்டுநரின் இருக்கை ஏறி இறங்குகிறதா, முன்பின் நகர்கிறதா, கியர் ராடில் ஆட்டம் உள்ளதா, கிளட்ச் மிதி அளவுக்கு மீறி இறுக்கமா என்பதையும் பார்க்க வேண்டும். ஏறி இறங்கும் இருக்கை ராக்கெட் அறிவியல் அன்று. அதன் அடிச்சட்டத்தை நம் பட்டறைகளே செய்து தர முடியும். லாரியின் விலைக்கு முன் அது ஒரு டயரின் கணக்கில் அடங்கிவிடும் செலவு.

இரண்டாவது, கேபின் கட்டும்போதும் இருக்கை மாற்றும்போதும் அந்த வண்டியை ஓட்டப்போகிறவரை அழைத்து உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சட்டைக்கு அளவெடுப்பவர் செய்வதைக் கேபின் கட்டுபவரும் செய்யட்டும். மூன்றாவது, பெரிய விபத்துகளின் விசாரணைக் குறிப்பில் இருக்கையின் நிலை, கியரின் நிலை, ஓட்டுநர் தொடர்ந்து ஓட்டிய நேரம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கேள்வி தாளில் இருந்தால்தான் விடை எழுதப்படும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஓட்டுநரின் பாத்திரத்தைப் படைக்கும்போது அவர் தத்துவம் பேசட்டும், பாட்டுக் கேட்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எட்டுமணி நேரத்துக்குப் பிறகு அவர் கேபினிலிருந்து இறங்கும் விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். முதலில் கைப்பிடியைப் பிடித்து முகத்தைக் கேபின் பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு வலக்காலை இறக்குவார். இடக்காலைக் கையால் தொட்டுக்கொண்டு சற்று நிற்பார். அந்த நிற்றலில் உள்ளதை நமது மொழி இன்னும் எழுதவில்லை.

மறுப்பு உள்ளவர்கள் மறுக்கட்டும். விவாதிக்கத் தயாராக இருக்கிறோம். அதற்குமுன் அவர்கள் தமது வீட்டில் மேசைக்கு எதிரே உள்ள நாற்காலியைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அது அவர்கள் உயரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது என்றால், அவர்கள் யாரும் பழகிக்கொள்ளவில்லை என்று பொருள்.